பாட்டிலில் என்ன இருக்கிறது?

டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ள வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தங்கைகளே, தம்பிகளே,

உங்களில் பலருடைய முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. துப்பட்டாவையோ ஈரத் துண்டையோ நெற்றியிலிருந்து மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் கேஷுவாலிட்டிக்குள் வருகிறீர்கள். வாந்தி எடுக்க ஒரு கேரி பேக் கையில் இருக்கும். டியூப் லைட் வெளிச்சம் பட்டால் துடித்துப்போவீர்கள். பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுதால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். கூட வந்தவர்தான் பேசுவார். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "சிஸ்டர், ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, சரியாப் போயிடும்."

பத்தொன்பது வருடமாக ராத்திரி டியூட்டி பார்க்கிற செவிலி நான். எத்தனை பாட்டில் ஏற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. எட்டாம் வகுப்பில் இடது கண்ணுக்குப் பின்னால் தொடங்கிய வலி என்னையும் இன்னும் விட்டபாடில்லை. ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலை நின்றும் பார்த்திருக்கிறேன், படுத்தும் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். பாட்டில் ஏற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்குள் என்ன போகிறது, எதற்காகப் போகிறது, அதன் வேலை எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். இந்த மூன்றையும் கேட்காமல் பல வருடம் ஏற்றிக்கொண்டவள் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பார்ப்போம். நம் ஊரில் எந்தப் பாட்டிலைத் தொங்கவிட்டாலும் அதற்கு 'குளுக்கோஸ்' என்றுதான் பெயர். அரை லிட்டர் நார்மல் சலைன் என்றால் அதில் இருப்பது நாலரை கிராம் உப்பு. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன். மீதியெல்லாம் தண்ணீர். இந்த வைத்தியத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1832இல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது, லீத் என்ற துறைமுக ஊரின் மருத்துவர் தாமஸ் லாட்டா, வற்றிப்போய்க் கிடந்தவர்களின் ரத்தக் குழாயில் உப்புக் கரைசலை ஏற்றினார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். வாந்தியிலும் பேதியிலும் போன நீரைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தப் பாட்டில் பிறந்தது. நீங்களும் காலையிலிருந்து வாந்தி எடுத்து, நாக்கு வறண்டு, சிறுநீர்கூடச் சரியாகப் போகாமல் வந்தால் அந்தத் தண்ணீர் உங்களுக்கும் தேவைதான். வாந்தியே இல்லை, தண்ணீர் குடிக்க முடிகிறது என்றால், வெறும் சலைன் மைக்ரேன் வலியைத் தணிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

"அப்படியானால் எனக்கு எப்படிச் சரியாகிறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரும்பாலும் அந்த டியூபின் நடுவில் நாங்கள் சத்தமில்லாமல் போட்ட ஊசியால்தான்.

மைக்ரேன் வரும்போது தலை மட்டும் பாதிக்கப்படுவதில்லை, வயிறும் நின்றுபோகிறது. விழுங்கிய மாத்திரை இரைப்பையை விட்டு நகராமல் அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியில் வெளியே வந்துவிடும். அந்த நேரத்தில் ரத்தக் குழாய் வழியாக மருந்து கொடுப்பது நியாயமான வைத்தியம். அவசரப் பிரிவுக்கு வரும் மைக்ரேனுக்கு என்ன கொடுக்கலாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது கொடுக்கச் சொன்ன முக்கியமான மருந்துகளில் இரண்டு, நீங்கள் வாந்தி மருந்து என்று நினைப்பவை: மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும். எங்கள் டிராலியில் பெரினார்ம், ஸ்டெமெட்டில் என்ற பெயரில் கிடப்பவைதான். மூளையில் டோபமின் வேலையைத் தடுப்பதால் வாந்தியோடு வலியையும் இவை இறக்குகின்றன. வீட்டுக்குப் போனபின் வலி திரும்பாமலிருக்க டெக்ஸாமெத்தசோனையும் அது பரிந்துரைத்தது. மார்ஃபின் வகை ஊசிகளைத் தவிர்ப்பது நல்லது என்றும் சொன்னது.

இதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. மெட்டோகுளோபிரமைடை ஒரே தள்ளாகத் தள்ளினால் சிலருக்கு உடம்பு நிலைகொள்ளாது. காலை ஆட்டுவார்கள், எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கும், "சிஸ்டர், ஊசியப் பிடுங்குங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்று கத்துவார்கள். பயந்துபோய்க் கூட வந்தவர் எங்களோடு சண்டைக்கு நிற்பார். அதே மருந்தைச் சின்னப் பாட்டிலில் கலந்து பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றினால் அந்தத் தொல்லை நன்றாகவே குறைகிறது. பாட்டிலின் உபயோகம் இங்கே இருக்கிறது. ஒரு தடவை இப்படி ஆகியிருந்தால் அந்த மருந்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகளுக்கும் அடங்காத தலைவலி உண்டு. எழுபத்திரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் விடாது. அப்படி வருபவர்களை வார்டில் சேர்த்து நாள்கணக்கில் மருந்து ஏற்றும் வைத்தியம் 1986இல் பெயர் பெற்றது. சான்ஃபிரான்சிஸ்கோவின் நரம்பியல் மருத்துவர் நீல் ராஸ்கின், டைஹைட்ரோஎர்கோட்டமின் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தார். 55 பேரில் 49 பேருக்கு இரண்டு நாளுக்குள் தலைவலி நின்றது. ரை தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் பூஞ்சையின் வழியில் வந்த மருந்து இது. ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆகவே இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. வால்புரோயேட்டையும் சில இடங்களில் ஏற்றுகிறார்கள். அதுவும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கேடு செய்யும் மருந்து. ஊசி குத்துமுன் "மாசமா இருக்கீங்களா, நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று நான் கேட்டால் கோபப்படாதீர்கள், வெட்கப்படாதீர்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன்.

பல் பிடுங்கும்போது ஈறில் போடும் மரத்துப்போகிற மருந்து லிடோகெய்ன். அதையும் மிகக் குறைந்த வேகத்தில் நாள்கணக்கில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் எந்த மருந்துக்கும் அடங்காத 600க்கும் மேற்பட்ட மைக்ரேன்காரர்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை அலசினார்கள். உள்ளே வரும்போது பத்துக்கு ஏழாக இருந்த வலி, வீட்டுக்குப் போகும்போது ஒன்றாகியிருந்தது. கேட்கவே ஆசையாக இருக்கிறது. அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மாதத்தில் 26.8 நாள் தலைவலியோடு இருந்தவர்களுக்கு, ஒரு மாதம் கழித்து அது 22.5 நாள். மருந்தில்லாத பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் இல்லை இது. ஏற்றும்போது வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நாக்கில் உலோக ருசி வந்தால் மருந்து மிஞ்சுகிறது என்று அர்த்தம். இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்து ஏற்றிவிட்டுப் போகிற வைத்தியம் அல்ல.

தலைவலி இல்லாத, வேறு வலிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குக் கெட்டமின் என்ற பெயர் எப்போதாவது காதில் விழலாம். 1962இல் உருவாகி 1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மயக்க மருந்து அது. சின்ன அடி பட்டபின் கையோ காலோ மாதக்கணக்கில் வீங்கி, நிறம் மாறி, தீப்பட்டதுபோல் எரிகிற சி.ஆர்.பி.எஸ். என்ற நோய்க்கு அதைக் குறைந்த அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் 60 பேரிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், நாலு நாள் தொடர்ந்து ஏற்றிய பிறகு வலி வாரக்கணக்கில் குறைந்திருந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் மருந்து ஏற்றியவருக்கும் ஏற்றாதவருக்கும் வித்தியாசம் இல்லை. வலி குறைந்திருந்த வாரங்களிலும் கை கால் முன்னைவிட நன்றாக வேலை செய்ததா என்றால், இல்லை. அந்த வாரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். வலி இறங்கியிருக்கும்போதே பிசியோதெரபிக்குப் போனால் பாட்டிலுக்குப் பலன் உண்டு. படுத்தே இருந்தால் பாட்டிலோடு அதுவும் தீர்ந்துவிடும்.

மைக்ரேன் வராமலே தடுக்க ஒரு பாட்டில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அந்தக் கதை டிரிப்ஸ் ஏற்றித் தலைவலியை வரவழைத்ததில் தொடங்குகிறது. மைக்ரேன் நேரத்தில் தலையிலிருந்து இறங்கும் ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் கூடுகிறது என்று 1990இல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் எழுதினார்கள். அது வலியின் காரணமா, வலியோடு சேர்ந்து வருவதா? டென்மார்க்கில் யெஸ் ஓலசனின் குழுவினர், மைக்ரேன் உள்ளவர்கள் நல்லபடியாக இருக்கும் நாளில் அந்தப் பொருளையே அவர்கள் ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். தலைவலி வந்தது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து அசல் மைக்ரேனே வந்தது. 2002இல் அதை வெளியிட்டார்கள். தெரிந்தே தலைவலியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய அந்த மனிதர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் நம் ஆட்கள்தானே. வரவழைக்கிற பொருள் தெரிந்தால் அதைக் கட்டிப்போடும் மருந்தைத் தேடலாம். அப்படி வந்த மருந்துகளில் ஒன்றான எப்டினெசுமாப், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரத்தில் ஏற்றுவது. 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த மருந்தின் சோதனையில் ஒரு கணக்கு இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். 1,072 பேர். மாதத்துக்குச் சராசரியாகப் பதினாறு நாள் மைக்ரேன். மருந்து ஏற்றியவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில், மாதத்துக்கு ஏறக்குறைய எட்டு நாள் குறைந்தது. நல்ல பலன். மருந்தே இல்லாத பாட்டிலை ஏற்றியவர்களுக்கு எத்தனை நாள் குறைந்தது தெரியுமா? 5.6 நாள்.

அந்த 5.6 நாளைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஏற்றிய பாட்டில்களெல்லாம் ஏமாற்றா என்று முதலில் தோன்றியது. பிறகு, அப்படியில்லை என்று பட்டது. ஒருவர் நம் கையைப் பிடித்து நரம்பு தேடுகிறார். விளக்கை அணைக்கிறார். அரை மணி நேரம் யாரும் சோறு கேட்கமாட்டார்கள், ஃபைல் கேட்கமாட்டார்கள். அடுத்த வாரம் எப்படி இருக்கிறது என்று போன் வரும். தலைவலியை ஒரு வியாதியாகவே மதிக்காத வீட்டில் அது எவ்வளவு பெரிய மருந்து! உலகில் இளம்பெண்களை அதிகம் முடக்கிப்போடும் காரணங்களில் மைக்ரேன்தான் முதலிடம் என்று 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, நாலில் ஒருவருக்கு வருடத்தில் ஒரு தடவையாவது மைக்ரேன் வருவதாகத் தெரிந்தது. ஆனாலும் "வேலைக்குச் சாக்கு" என்ற பேச்சை வாங்காத பெண் எங்கள் கேஷுவாலிட்டியில் குறைவு. உங்களுக்குப் பாட்டில் வேண்டியிருந்ததில் ஒரு பங்கு, கொஞ்சம் இருட்டும் கொஞ்சம் கவனிப்பும் வேண்டியிருந்ததுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காக ஒவ்வொரு தடவையும் ஊசி குத்திக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கவனிப்பை விலைபோட்டு விற்பவர்களும் வந்துவிட்டார்கள். நகரங்களில் சாய்வு நாற்காலி போட்டு, மஞ்சள் நிறத்தில் வைட்டமின் பாட்டில் தொங்கவிடுகிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற மருத்துவர் கொடுத்துவந்த கலவையின் வாரிசு அது: மெக்னீசியம், கால்சியம், பி வைட்டமின்கள், வைட்டமின் சி. உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 34 பேருக்கு அதை எட்டு வாரம் ஏற்றிப் பார்த்த சிறு சோதனை 2009இல் வெளியானது. கலவை ஏற்றியவர்களுக்கும் வலி குறைந்தது, வெறும் கரைசல் ஏற்றியவர்களுக்கும் குறைந்தது. இரண்டுக்கும் நடுவே நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை. மெக்னீசியத்துக்கு மட்டும், கண்ணில் மின்னல் கோடு ஓடும் வகை மைக்ரேனில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மற்றபடி அந்த மஞ்சள் நிறம் மறுநாள் சிறுநீரில் போகிறது.

இனி என் கதை. முப்பது வயதில் எனக்கு வாரம் ஒரு பாட்டில் ஆகியிருந்தது. டியூட்டி முடிந்ததும் தோழி ஒருத்தி வென்ஃப்ளான் போட்டுவிடுவாள். டைக்ளோஃபெனாக் ஒரு நாள், டிரமடால் ஒரு நாள். நடுவில் பையிலிருந்து மாத்திரைகள். நர்ஸ்தானே, எனக்குத் தெரியாததா என்ற திமிர். கடைசியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் தலைவலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மாசத்துல எத்தனை நாள் தலைவலியே இல்லாம இருக்கீங்க, சிஸ்டர்?" என்றார். எண்ணிப் பார்த்தேன். நாலு நாள்கூடத் தேறவில்லை.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்காட், டிரமடால் வகைகளைப் பத்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கும். நான் தீயை அணைக்கிறேன் என்று தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிறுத்திய முதல் இரண்டு வாரம் நரகம். பிறகு தடுப்பு மருந்தாகப் புரோப்ரனலால் மாத்திரை, தினமும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது, எனக்கு இல்லை. வேறு சிலருக்கு அமிட்ரிப்டிலின், ஃபுளூனாரிசின், டோபிரமேட் என்று ஆளுக்குத் தகுந்தபடி மாறும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நம்மில் பாதிப் பேர் இரண்டாவது வாரத்திலேயே "கேக்கல" என்று விட்டுவிடுகிறோம், ஏனென்றால் பாட்டில் அரை மணி நேரத்தில் கேட்கிறது. பாட்டில் அன்றைய ராத்திரியைக் காப்பாற்றும். மாதத்தைக் காப்பாற்ற அதற்குத் தெம்பில்லை.

அதனால் இனி வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மருந்து போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போட்டு அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். மருத்துவருக்கு உங்கள் ஸ்கேனைவிட அது அதிகம் பேசும்.

ஊசி போடுமுன், "இது என்ன மருந்து, எதுக்கு?" என்று கேளுங்கள். போட்டதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற சிஸ்டரும் இருப்பார். சொல்வது எங்கள் கடமை, கேட்டு வாங்குங்கள்.

பாட்டில் முடிந்ததும் எழுந்து ஓடாமல், "இது திரும்ப வராம இருக்க என்ன செய்யணும், யாரப் பாக்கணும்?" என்று டியூட்டி டாக்டரைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேராது. இடி விழுந்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, வாய் கோணுவது, கை கால் இழுப்பது, தலையில் அடிபட்டபின் வலிப்பது, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வருவது, கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வருவது. இவற்றில் எது இருந்தாலும் "வழக்கமான தலைவலிதான்" என்று தெருக் கிளினிக்கில் பாட்டில் ஏற்றிக்கொண்டு படுக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மூன்று வருடம் வந்தார். இப்போது வருடத்தில் இரண்டு, மூன்று முறைதான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி வந்தபோது துண்டை நெற்றியிலிருந்து விலக்காமலே, பர்சிலிருந்து நாலாக மடித்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். ஐந்து புள்ளி, இரண்டு வட்டம். நான் பாட்டிலை மாட்டப் போனேன். "அதுல என்ன சிஸ்டர் போடறீங்க?" என்றார், கண்ணைத் திறக்காமல். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்துச் சொன்னேன். ஊசி மருந்தின் பெயரையும் சொன்னேன். "மெதுவா ஏத்துங்க, போன தடவ படபடன்னு வந்துச்சு" என்றார்.

மெதுவாகவே ஏற்றினேன். விளக்கையும் அணைத்தேன்.

அன்புடன்,
ராத்திரி டியூட்டியிலிருந்து,
உங்கள் சிஸ்டர்